மாடிப் பலகையில் நான்கு ஆணிகள்

புனிதாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ராசா பட்டணத்தில் பிறந்து, மரச்சாமான் தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். கல்யாணமானதும் கணவன் வீட்டார் இருந்த, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் பழைய வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தாள். அதுவரை அங்கே நடக்க ஆளே இல்லை. அவள் நடக்க நடக்கப் பலகை கிறீச்சிட்டது. மருமகளோடு ஏதோ வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. மாமியார் ராக்கம்மா பூசாரியை அழைத்தார். அவர் கட்டிலைச் சுற்றி மந்திரித்த ஆணிகள் நான்கை அடித்தார். சத்தம் இரண்டு மடங்கானது. வெள்ளிக்கிழமைக்குள் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பப் பூசாரி சொல்லிவிட்டார். மரம் செய்த குற்றத்துக்கும் தண்டனை பெண்ணுக்குத்தான்.

வியாழன் காலை புனிதா சுத்தியலும் திருப்புளியுமாக மாடியேறினாள்.

“சாமி ஆணிம்மா அது. தொடாத,” என்றார் ராக்கம்மா.

“நீங்க டார்ச் புடிங்க அத்தே. ஆடாம புடிங்கலா.”

முதல் பலகையை நெம்பினாள். பழைய ஆணிகள் தளர்ந்திருந்தன. பூசாரியின் ஆணியோ அடியிலிருந்த சட்டத்தில் இறங்காமல் அதன் பக்கவாட்டில் உரசிக்கொண்டிருந்தது. மிதிக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து கத்தியிருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு, பலகையைச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கினாள்.

“இப்ப நடங்க.”

ராக்கம்மா நடந்தார். திரும்பவும் நடந்தார். சத்தமில்லை.

“ஆணியப் புடுங்குனதும் அது ஓடிருச்சு போல.”

“ஓடட்டும். நான் எங்கயும் போறதா இல்ல அத்தே.”

ராக்கம்மா டார்ச்சை இரண்டாவது ஆணியின் பக்கம் திருப்பினார்.