கால்சியம் இல்லாத தண்ணீர்

எங்கள் பனியன் கம்பெனி போர்வெல் தண்ணீரில் கால்சியம் உப்பு மிக அதிகம். ஸ்டீம் அயர்ன் அடிக்கடி அடைத்துக்கொண்டதால் அந்த உப்பைப் பிரித்தெடுக்கும் சாஃப்ட்னர் மெஷின் வைத்தேன். பொருத்த வந்தவர், "குடிக்கறதுக்குன்னா டெஸ்ட் பண்ணிக்கங்க" என்றார். நான் செய்யவில்லை. தொழிலாளர்களுக்குக் குடிக்கவும் அந்தத் தண்ணீரையே விட்டேன்.

"இப்பத்தானுங்க சார் தண்ணி வாய்க்கு நல்லாருக்குது" என்றார் செக்கிங்கில் இருந்த பழனியம்மாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சில வருடங்களில் அவர் முதுகு விறைத்துப்போனது. குனிந்து ஒரு பனியன்கூட எடுக்க முடியவில்லை. நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே பார்த்தவர் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் என்னிடம் விளக்கினார்.

"உங்க போர்ல ஃப்ளோரைடு ரொம்ப அதிகம். அது எலும்புல சேர்ந்துதான் இவங்க முதுகு விறைச்சிருக்கு. தண்ணியில இருந்த கால்சியம், ஃப்ளோரைடு உடம்புல சேர்றதைக் கொஞ்சமாவது தடுத்திருக்கும். உங்க மெஷின் கால்சியத்தை எடுத்துட்டு ஃப்ளோரைடை அப்படியே விட்டுருச்சு."

வெளியே காத்திருந்த பழனியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நீங்களும் அதைத்தானுங்க குடிச்சீங்க? உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றேன்.

என் அறையில் எப்போதும் கேன் தண்ணீர்தான். அதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்ல முடியவில்லை.