பேரெழுதும் புரோகிராமும் நானும்

குழந்தைக்குப் பெயர் வைத்தால் வாயில் சர்க்கரை போடுவார்கள். கம்ப்யூட்டருக்குப் பெயர் வைத்தால் போன் போட்டுத் திட்டுவார்கள்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சிஸ்டம்ஸ் பிரிவில் இருக்கிறேன். லேபிள் அடிக்க, கேன்டீன் மெனு காட்ட, தரப் பரிசோதனை ரிப்போர்ட் எடுக்க என்று எங்களிடம் நிறைய மென்பொருள்கள். ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்கிற தனித்தனி மென்பொருள் டப்பாவில் அடைத்து, ஐந்தாறு கம்ப்யூட்டர்களைக் கூட்டாகச் சேர்த்த கிளஸ்டரில் ஓடவிட்டிருக்கிறோம். ஆட்கள் பெயரைத்தான் அடிப்பார்கள். கம்ப்யூட்டருக்கோ எண்தான் புரியும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்கிற பட்டியல்தான் டிஎன்எஸ். கிளஸ்டரில் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினால் எண் மாறிவிடும். மாறும்போதெல்லாம் பட்டியலைக் கையால் திருத்திக்கொண்டிருந்த பாவி நான். இதே பாவத்தைச் செய்யும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது.

முப்பத்தெட்டும் எண்பத்து மூன்றும்

ஒரு திங்கட்கிழமை காலை. லேபிள் மென்பொருளின் புது எண் 38 என்று முடிய வேண்டும். நான் 83 என்று அடித்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். 83 கேன்டீன் மெனுவின் எண்.

டீ பாதி இறங்குவதற்குள் போன். பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் முருகேஸ்வரி அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஓசூர் வந்து பல வருஷமாகியும் பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்கிற சத்தம் எனக்கே கேட்டது. அக்கா அவசரமே படாமல் சொன்னார்: “ஏ பிள்ள, பொட்டிக்கு லேபிள் கேட்டா தக்காளி சாதம், அப்பளம்னு வருது. அதையே ஒட்டி அனுப்பிரட்டா?”

பஸ்ஸில் வந்த ஆசை

அந்த வாரம் முழுக்க அவமானத்தோடு தேடினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கிளஸ்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, புதிதாக ஏதாவது வந்ததா, எண் மாறியதா என்று பார்த்துப் பார்த்து, டிஎன்எஸ் பட்டியலைத் தானே திருத்துகிற ஒரு புரோகிராம்! டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் படித்தேன். மத்திகிரியில் இறங்க வேண்டியவள் இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் தலை நிமிர்ந்தேன். திரும்பி நடந்த தூரம் முழுக்க எனக்குள் ஒரே குதியாட்டம்.

மறுநாள் காலை பையைக்கூட இறக்கி வைக்காமல் மஞ்சுநாத் சாரிடம் ஓடினேன். நெட்வொர்க் மொத்தமும் அவர் பொறுப்பு. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மூச்சு விடாமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏனம்மா சுகந்தி, நான் கையெழுத்துப் போடாம இந்த கேட்டுக்குள்ள ஒரு ஸ்க்ரூ வராது. உன் புரோகிராம் யாரையும் கேக்காம தானே பேர் எழுதிக்குமா?”

பிறந்தது, போனது, பிறந்தது

ஆனாலும் மனுஷர் இடம் கொடுத்தார். உண்மையான பட்டியலைத் தொடக்கூடாது. பரிசோதனைக்கென்று தனியாக ஒன்று. புரோகிராமை அதில் விட்டு, கிளஸ்டரில் ஒரு சின்ன சர்வீஸை, அதாவது குட்டி மென்பொருளை, ஏற்றிவிட்டு, இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் விரலைக்கூட அசைக்கவில்லை, பெயர் வந்து உட்கார்ந்தது! கை தட்டியேவிட்டேன். அக்கவுண்ட்ஸ் பிரிவு வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். சர்வீஸை எடுத்தேன், பெயரும் போனது. திரும்ப ஏற்றினேன், பட்டியலில் பெயர் வந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கவே இல்லை.

எங்கே தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினேன். கடைசியில் விஷயம் இதுதான்: நடுவில் பெயர் இல்லாத நேரத்தில் நான் ஒரு தடவை அதைத் தட்டிப் பார்த்திருந்தேன். “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று அப்போது வந்த பதிலை என் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் தானாகச் சரியானது. மஞ்சுநாத் சார் முதல் தடவையாகச் சிரித்தார். “பேர் திரும்பப் பொறந்தாச்சு, உன் கம்ப்யூட்டர்தான் இன்னும் துக்கத்துல இருக்குது.”

அழிக்கப்போகும் பட்டியல்

உண்மையான பட்டியலில் புரோகிராமை விட வேண்டிய நாள். எனக்கு ஒரே அவசரம். மஞ்சுநாத் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “முதல்ல ஒத்திகை. என்ன செய்யப்போகுதுன்னு சொல்லட்டும், செய்ய வேண்டாம்” என்றார். அந்த வசதி புரோகிராமிலேயே உண்டு. சலித்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

திரையில் வரிசையாக வந்தது: எடைமேடை, அழி. கேட் கேமரா, அழி. வருகைப் பதிவு, அழி. இவையெல்லாம் கிளஸ்டருக்கு வெளியே பழைய கம்ப்யூட்டர்களில் ஓடுபவை. கிளஸ்டரில் இல்லாத பெயரெல்லாம் வேண்டாத பெயர் என்று அது முடிவு கட்டியிருந்தது. தப்பு என்னுடையதுதான். தான் எழுதிய ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் “இது நான் எழுதியது” என்று ஒரு குறிப்பு வைக்கவும், குறிப்பு இல்லாத பெயரைத் தொடாமல் இருக்கவும் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியைப் போட மறந்திருந்தேன். ஒத்திகை இல்லாமல் ஓட்டியிருந்தால் மொத்தத் தொழிற்சாலையும் நின்றிருக்கும்.

 வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். “அழி” என்று ஒன்றுகூட இல்லை. திட்டு விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். சார் நிதானமாகச் சொன்னார்: “வருகைப் பதிவை அழிச்சிருந்தா நம்ம ரெண்டு பேரும் இன்னிக்கு வேலைக்கே வரலேன்னு ஆகியிருக்கும். தப்பு நம்ம மேல வந்திருக்காது, பாரு.”

பத்துப் பெட்டி

இரண்டு வாரம் கழித்து, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்திருந்தார். அவர் பேக்கிங் பிரிவில் நிற்கிற நேரம் பார்த்து லேபிள் மென்பொருள் அடைத்துக்கொண்டது. மொத்தமாக எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினால்தான் ஆகும். ஏற்றினால் எண் மாறும். முருகேஸ்வரி அக்கா போனில் குரலைத் தாழ்த்தினார்: அடித்து வைத்த லேபிள் பத்துப் பெட்டிக்குத்தான் வருமாம்.

ஏற்றினேன். மஞ்சுநாத் சாருக்குப் பொறுமை இல்லை. “கையால எழுதிடவா?” என்று கீபோர்டை இழுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். “வேண்டாம் சார், ஒரு நிமிஷம்.” என் வாழ்க்கையில் அத்தனை நீளமான நிமிஷம் பார்த்ததில்லை. பட்டியலில் பழைய எண் போய்ப் புது எண் விழுந்தது! ஓடினேன். படி இறங்கி, பெயின்ட் ஷாப் தாண்டி, பேக்கிங் வரைக்கும் ஓட்டம். அங்கே ஏழாவது பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. பிரிண்டர் புது லேபிளைத் துப்பிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதிகாரி மட்டும் ஒன்றும் புரியாமல் கேட்டார்: “எதுக்கும்மா இப்படி ஓடி வரீங்க? இங்க எல்லாம் நல்லாத்தானே போய்ட்டிருக்குது?”

பெயர் சும்மாதானே

அதோடு புகழ் பரவிவிட்டது. இப்போது யார் எதை ஏற்றினாலும் பெயர் தானாக வந்துவிடுகிறது. என்னைக் கேட்க வேண்டியதே இல்லை. போன வாரம் பட்டியலைத் திறந்தால், ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட் ஃபைனல்’, ‘டெஸ்ட் உண்மையான ஃபைனல்’ என்று ஒரே ரிப்போர்ட்டுக்கு வரிசையாகப் பெயர்கள். எல்லாம் தரப் பரிசோதனைப் பிரிவின் கைவண்ணம். ஏன் இத்தனை என்று அங்கிருந்த இன்ஜினியரைக் கேட்டேன். “கேட்டவுடனே குடுக்குதுங்க மேடம், வேண்டாம்னு சொல்ல மனசு வரல.”

ஆக, என் வேலையைக் குறைக்கத்தான் அந்தப் புரோகிராமைக் கொண்டுவந்தேன். அதைக் கண்காணிப்பதே இப்போது என் முழுநேர வேலை.