புகை சாயாத வீடு

ஜூன் மாதமோ டிசம்பரோ, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு பெரியண்ணன் ஊதுபத்தியை மூலைக்கு மூலை நகர்த்துவார். ஜன்னல் சாத்தியிருக்கும். பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். வெளியே, சுவரைப் பார்த்து ஒரு பெரிய மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டிருப்பார். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மயிரிழை சந்து இருந்தாலும் போதும், ஊதுபத்திப் புகை உள்பக்கமாகச் சாய்ந்து காட்டிக் கொடுத்துவிடும். "பொகையக் கேட்டுரலாம்" என்பார். அது பதில் சொன்ன பிறகுதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்.

டெல்லி ஓக்லாவில் ஒரு தகர ஷெட்டில் அவர் செய்வது வீடு. லாரியில் ஏற்றுகிற வீடு. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே நாலு அங்குலத் தெர்மோகோலை வைத்து அழுத்தினால் ஒரு சுவர். அப்படிச் சுவர், கூரை, தரை எல்லாம் செய்து, ஒரு முறை ஷெட்டிலேயே மாட்டிப் பார்த்து, பிறகு எண் போட்டுக் கழற்றி மலைக்கு அனுப்புவார்கள். பனியில் சறுக்கி விளையாட வருகிற விருந்தாளிகள் தங்குவதற்காம். பனியில் சறுக்குவது ஒரு விளையாட்டு என்பதையே பெரியண்ணன் நெடுநாள் நம்பவில்லை. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கட்டட வேலைக்கென்று டெல்லிக்கு வந்து இருபத்து நாலு வருஷம் ஆகியும் அவர் பனியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. தெர்மோகோல் அறுக்கும்போது பறக்கிற வெள்ளை மணிகள் மீசையிலும் காதுமடலிலும் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்து ஆள், "க்யா பையா, சிம்லாவிலிருந்தா?" என்று சீண்டுவான். அவருக்கும் பனிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

முடியாத வீடானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பென்சிலைக் காதில் செருக மாட்டார், வாயில்தான் கடித்துக்கொள்வார். அதனால் பாதிப் பேச்சு பென்சிலுக்கே போய்விடும். சந்து விடுகிற தச்சனை அவர் தச்சன் என்று ஒப்புக்கொண்டதில்லை. "காத்துப் புகுந்தா அது ஊடு இல்லீங்க, பந்தலு" என்று முதலாளி கன்னாவிடமே சொல்லியிருக்கிறார். கன்னாவுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் சரக்கு திரும்பி வந்ததில்லை என்பது தெரியும்.

இத்தனை சுத்தமான சுவரில் ஒரே ஒரு குறை இருந்தது. கூரைக்குக் கீழே மூன்று விரல் சேர்த்து நுழைகிற அளவில் ஒரு வட்டத் துவாரம் போடச் சொல்லி வரைபடத்தில் இருந்தது. எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வரைபடத்தில் ஏதோ எழுதியிருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. பெரியண்ணன் அதை எஞ்சினீயர்களின் கிறுக்குத்தனம் என்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறை அதைத் துளைக்கும்போதும் தன் வேலையைத் தானே கெடுக்கிற மாதிரி அவருக்கு மனசு வலிக்கும்.

மனைவி பூங்கோதையின் தம்பி மாசிலாமணி, அந்த மலை விடுதிக்குக் காவல்காரனாகப் போனான். வேலை வாங்கிக் கொடுத்தது பெரியண்ணன்தான். மாமா செய்த வீட்டிலேயே மச்சினன் குடியிருக்கப் போகிறான் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எண்பத்து நாலு கார்த்திகையில் நாலு நாள் லீவில் வந்தவன், "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங் மாமா. அந்த ஓட்டை வழியாத்தான் காத்து ஊசியாட்டம் இறங்குது. கரண்டும் மூணு மூணு நாளைக்கு வாறதில்ல" என்றான்.

பெரியண்ணன் அன்றைக்கே ஒரு தேவதாருக் கட்டையைக் கடைந்து அடைப்பான் ஒன்று செய்தார். துவாரத்துக்கு அச்சாகப் பொருந்துகிற அளவு. வேண்டும்போது இழுத்தெடுக்க நடுவில் சின்னதாக ஒரு துளை போட்டுக் கயிறு கோத்தார். இப்போது புகையைக் கேட்டுப் பார் மாப்பிள்ளை, அசையாது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கே ஒன்றும் தெரியாது.

ஜனவரியில் பெரும்பனி விழுந்து மின்சாரம் போனது. மாசிலாமணி அங்கீட்டி என்கிற கணப்புச் சட்டியில் கரி போட்டு மூட்டி அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திப் படுத்தான். மூன்றாம் நாள் கதவை உடைத்தபோது தூங்குகிறவன் போலவே கிடந்தானாம். பாதை பனியில் மூடியிருந்ததால் அங்கேயே எரித்தார்கள். டெல்லிக்கு அவன் சாமான்களோடு ஒரு தகரப் பெட்டிதான் வந்தது.

பெட்டியைக் கொண்டு வந்தவர் சேஷன். விடுதிகளைக் கட்டும் அலுவலகத்தில் எஞ்சினீயர், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்வாசி, விசாரணைக்காக மேலே போய் வந்தவர். பெரியண்ணனைத் தனியே அழைத்துக்கொண்டு போய், கரி எரிந்தால் வருகிற விஷக்காற்றைப் பற்றியும் அந்தத் துவாரம் எதற்காக இருந்தது என்பதைப் பற்றியும் மெதுவாக விளக்கினார். பிறகு, "அடைப்பானை நான்தான் சுவத்துலேர்ந்து எடுத்து அவன் பெட்டியில போட்டேன். உங்க கைவேலைன்னு பார்த்ததும் தெரிஞ்சுது. ரிப்போர்ட்ல அதை எழுதலை. விதியை மீறி அங்கீட்டி வெச்சுண்டான்னு மட்டும் எழுதியிருக்கேன்" என்றார். நல்ல மனுஷர். அந்த நல்ல மனசுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அந்தக் கோடையில் பன்னிரண்டு வீடுகளுக்குப் புது ஆர்டர் வந்தது. கூடவே புது வரைபடமும். பெரியண்ணன் அதை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். துவாரத்தைக் காணோம். அது வழியாகக் குளிர் வருகிறது என்று விருந்தாளிகள் புகார் எழுதினார்களாம். அந்தத் துவாரம் அடைபட்டதால் ஒரு ஆள் செத்தான் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆகவே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் அறைக்கு ஒரு மின்சார ஹீட்டர்.

மூன்று மூன்று நாள் கரண்டு வராத ஊரில் ஹீட்டர். புதிதாகக் கல்யாணமானவர்கள் வருவார்கள், குழந்தையோடு வருவார்கள், குளிர் தாங்காமல் ஒரு அங்கீட்டி கேட்பார்கள், யாராவது இரக்கப்பட்டுக் கொடுக்கவும் கொடுப்பார்கள். பெரியண்ணனுக்கு இது கண் முன்னால் நடப்பது போலவே தெரிந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை. பன்னிரண்டு வீடுகளிலும் பழைய இடத்திலேயே துளை போட்டு, கோட்டு மாட்டுகிற கட்டையைச் சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு அதன் முன்னால் அடித்து மறைத்தார். வாழ்க்கையில் அவர் திருட்டுத்தனமாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

டிசம்பரில் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட சேஷன் வந்தார். ஊதுபத்திச் சோதனையை அவருக்குக் கற்றுக் கொடுத்ததே பெரியண்ணன்தான். முதல் வீட்டில் கோட்டுக் கட்டைக்குக் கீழே ஊதுபத்தியைக் கொண்டு போனதும் புகை படுத்துக்கொண்டது. சேஷன் எட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ட்ராயிங்கில் இல்லாததை வைத்தால் சரக்கு முழுவதும் திரும்பும், உங்கள் வேலையும் போகும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பெரியண்ணன் வாயிலிருந்த பென்சிலை எடுத்தார். "அப்ப எழுதீருங்க சார். ஓட்டைய நாந்தான் அடச்சேன், அதுலதான் பையன் செத்தான்னு எழுதீருங்க. எம்பொண்டாட்டிக்குத் தெரிஞ்சாலும் பரவால்லீங்க. ஓட்டை திரும்பி வரட்டும்."

"அந்த ஃபைலை மூடியாச்சு, பெரியண்ணன்" என்றார் சேஷன். "இப்போ எழுதினா, அப்போ ஏன் எழுதலைன்னு என்னைக் கேப்பா. எனக்கும் குடும்பம் இருக்கு."

சேஷனுக்குத் துணிச்சலில்லை, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, பெரியண்ணனே அடைத்தார். வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டைகள் கடைந்து, பசை தடவி, தட்டி, மேலே மரத்தூளும் பசையும் கலந்த மக்கு பூசி இழைத்தார். மோசமாக அடைத்துவிடலாம், பிசின் காய்ந்ததும் தானே விழட்டும் என்றுதான் உள்ளே நுழைந்தார். கை கேட்கவில்லை. இத்தனை வருஷமாகச் சந்து விடாத கைக்குச் சந்து விடத் தெரியவில்லை. வேலை முடிந்து ஊதுபத்தியைக் காட்டியபோது பன்னிரண்டு வீட்டிலும் புகை நிமிர்ந்து நின்றது. சேஷன் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மத்தியானம் லாரிகள் கிளம்பிப் போயின.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்தார். ஜங்புராவில் சாக்கடை ஓரத்து மதராசிக் குடிசைகளில் ஒன்று அவருடையது. பலகை, தகரம், பாலிதீன் எல்லாம் சேர்த்துக் கட்டியது. வெளியாருக்கு வீடு செய்தே ஓய்ந்த மனிதர், இதைச் சரி செய்யக் கை வைத்ததில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் பூங்கோதை பழைய புடவையைக் கிழித்துக் கிழித்துச் சந்துகளில் திணிப்பாள்.

விளக்கு வைத்துவிட்டு அவள் தம்பியின் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினாள். தகரப் பெட்டியில் வந்த அடைப்பான்தான் ஊதுபத்திக்குத் தாங்கி. கயிறு அறுந்துபோய் நடுத்துளை மட்டும் இருந்தது; குச்சி அதில் கச்சிதமாக நிற்கும். பெட்டி வந்த அன்று அதைக் கையில் உருட்டிப் பார்த்து, "ஏனுங்க, இது உங்க கடைசலாட்டம் இருக்குதே?" என்று கேட்டிருக்கிறாள். அவர் ஆமாம் என்றார். பிரியமாகச் செய்து கொடுத்திருக்கிறார் என்று நினைத்து, அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து இந்தப் பதினோரு மாதமாகப் படத்தின் முன்னால் வைத்திருக்கிறாள்.

புகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எங்கேயோ காற்று வருதுங்க என்று சொல்லிக்கொண்டே பூங்கோதை எழுந்து, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே இருந்த சந்தைத் தடவிக் கண்டுபிடித்து, துணியைச் சுருட்டித் திணித்தாள். புகை நிமிர்ந்தது. பெரியண்ணன் எழுந்து போய் அந்தத் துணியைப் பிடுங்கினார். "குளிருதுங்க" என்றாள் அவள். அவர் துணியைக் கையில் இறுக்கிக்கொண்டு, புகை மறுபடியும் சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.