அராபாவின் கணினியில் மூன்று பேருக்கு இடம்

டாகராடி என்கிற துறைமுக ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அராபாவின் கடைக்கு ஆள் வந்துவிடும். இறந்தவர் படத்தை நடுவில் பெரிதாகப் போட்டு, சுற்றிலும் பிள்ளைகள், பேரன் பேத்திகள் முகங்களை அடுக்கி, சுவரையே மறைக்கிற மாதிரி பேனர் செய்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம். அவளுடைய கணினியோ ஏதோ ஐரோப்பிய அலுவலகம் கழித்துக்கட்டி, கன்டெய்னரில் வந்து இறங்கியது. இரண்டு ஜிபி ராம் நினைவகம், அதுவும் ஒரே குச்சி. அதை வைத்துக்கொண்டே ஊரில் பாதிப் பேரை வழியனுப்பிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அன்சாவின் பேனர். மறுநாள் அடக்கம். அன்று பிற்பகலிலேயே அச்சகம் மூடிவிடும். படங்கள் ஏற ஏறக் கணினி திணறியது, கடைசி மூன்றைச் சேர்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தியாம்மா, மெஷினே தாங்கல. கடைசி மூணையும் தூக்கிடு" என்றார் குடும்பத் தலைவர் எபோ கொமே. இதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தது அவர் குரல்.

அந்த மூன்றும் க்வான்சிமாவும் அவள் தம்பிகளும். அன்சா பின்னாளில் சேர்ந்து வாழ்ந்த பெண்ணின் பிள்ளைகள். அன்சா முறைப்படி அந்தப் பெண் வீட்டுக் கதவைத் தட்டி, சாராயம் வைத்துப் பெண் கேட்கவில்லையே, அப்புறம் அது எப்படிக் கல்யாணம் என்பது குடும்பத்தாரின் வாதம். பேனரில் முகம் இல்லாவிட்டால் நாளைக்கு ஊர் முன்னால் யார் பிள்ளை என்று சொல்லிக்கொள்வது? வாசலில் நின்ற க்வான்சிமாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"தாங்காட்டி தாங்க வச்சாப் போச்சு" என்றாள் அராபா. "புள்ள, ஓடிப்போய் நாலு ஜிபி ராம் ஒண்ணு வாங்கிட்டு வா."

"நான் சாப்பிட்டுட்டு வரேன். வந்ததும் அச்சுக்குப் போகணும், சொல்லிட்டேன்" என்று பெரியவர் கிளம்பினார்.

க்வான்சிமா மீன் புகைபோட்டு விற்கிறவள். பழைய கணினிச் சாமான் விற்பவன் பேசின் நிறைய ராமைக் கொட்டிவைத்திருந்தான். அவள் சந்தையில் மீன் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை, தகடு போர்த்தியதை, எடுத்து வந்தாள். பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினால் சரியாகத்தான் உட்கார்ந்தது. திரைதான் இருட்டு. பெட்டி பீப் பீப் என்று கத்தியது.

"அடி கூறுகெட்டவளே, இது சர்வருக்குப் போடறது. கனம் பாத்து வாங்க இதென்ன சூரை மீனா?"

"நாலு ஜிபின்னு மட்டும்தானக்கா சொன்னீங்க?"

அதுவும் நியாயம்தான். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அராபா பழைய குச்சியை அவள் கையில் திணித்தாள்.

"இத பக்கத்துல வச்சுப் பாரு. அடியில இருக்கற வெட்டு இதே இடத்துல இருக்கணும். டிடிஆர் த்ரீ ரகம், நாலு ஜிபி. சர்வர்துன்னா வேணாம்னு சொல்லு. ஓடு."

கொஞ்ச நேரத்தில் பெரியவர் திரும்பி வந்தார்.

"அந்த மூணு இல்லாம அடிக்கக் குடுத்துடு."

"மெஷின்ல ராமே இல்ல பெரியவரே. இப்ப செத்தவர் படமே வராது."

"யாரு கழட்டச் சொன்னா?"

"நாந்தான் கழட்டினேன்."

"அப்ப நான் வேற கடைக்குப் போறேன்."

"தாராளமாப் போங்க. படமெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் கெடக்கு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அராபா அடிக்கடி வாசலை எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் நேரத்துக்கு வராவிட்டால் அன்சாவுக்கு பேனரே கிடையாது. அப்புறம் இந்த ஊரில் அவளை நம்பி யார் சாவுவேலை கொடுப்பார்கள்?

க்வான்சிமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். புதுக் குச்சி மாட்டியதும் திரை வெளிச்சமானது. எல்லா முகமும் ஏறின, கடைசி மூன்றும் கூட.

"மெஷின் தாங்குது பெரியவரே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தகராறு செய்ய நேரமில்லை. "ம், போகட்டும்" என்றார்.

அச்சகத்தில் பேனர் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஏனக்கா, அந்தக் குச்சிய போன்ல படம் எடுத்துக் குடுத்திருந்தாப் போதுமே?" என்றாள் க்வான்சிமா.

"போதுந்தான். ஆனா அது பெட்டிக்குள்ள இருந்திருந்தா, நீ வர்றதுக்குள்ள பெரியவர் உங்க மூணு பேரையும் விட்டுட்டு அடிச்சிட்டுப் போயிருப்பாரு."

க்வான்சிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.