கறுவலும் பின்வேலிப் பொட்டும்

குணலட்சுமிக்கு நாய் என்றால் ஆகாது. மாடு வளர்த்தவள், ஆடு வளர்த்தவள், படுக்கையில் விழுந்த தாயையும் தகப்பனையும் கடைசி வரை பார்த்தவள். ஆனால் நாயை மட்டும் படலைக்கு வெளியே வைத்துத்தான் கதைப்பாள். கலியாணம் பேசி வந்த இடங்களெல்லாம் ஏதோ ஒரு சாட்டில் தட்டுப்பட்டுப் போக, சண்டிலிப்பாயில் தகப்பன் விட்டுப்போன வெங்காயத் தோட்டத் தறையையும் வீட்டையும் தனி ஆளாக ஆண்டுகொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியும் கிணற்றுத் துலாவைப் போல நிமிர்ந்த உடம்பு. ஊரில் அவளைப் பாவம் என்று சொன்னவர்கள் உண்டு. அவள் காதுபடச் சொன்னவர்கள் இல்லை.

நாயைக் கொண்டுவந்து சேர்த்தவன் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அருட்செல்வன். யாழ்ப்பாணத்தில் எங்கே கள்ளன் புகுந்தாலும் யாழ்ப்பாணத்தாருக்கு முன்னம் ரொறன்ரோவுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குள் ஆட்கள் இறங்கிய செய்தியை அக்காவுக்குச் சொன்னதும் அவன்தான். முன்பக்கம் மதிலும் இரும்புக் கேற்றும் முதலே போட்டாயிற்று. இனி நாய்தான் மிச்சம் என்று தீர்மானித்தான். கொழும்பிலிருந்து வான் வண்டியில் வந்து இறங்கிய குட்டியைப் பார்த்ததும் குணலட்சுமிக்குக் கறுத்தப் பூசணிக்காய்தான் நினைவுக்கு வந்தது. கண்களுக்கு மேலே இரண்டு மண்ணிறப் புள்ளி, கால்களிலும் அதே நிறம். றொட்வைலராம். அவன் அதற்கு மக்ஸ் என்று பெயர் வைத்திருந்தான். அவள் கறுவல் என்று கூப்பிட்டாள், அதுவும் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, உவனைக் கேற்றடியிலை கட்டி வை. ஒருத்தரும் தொடக் கூடாது, நீயும் கொஞ்சாதை. கொஞ்சினால் பழுதாப் போவான்" என்று தொலைபேசியில் சொன்னான்.

ஒரு வேலையைச் சொன்னால் அதை மிச்சம் வைக்காமல் செய்கிறவள் குணலட்சுமி. கட்டினாள். கொஞ்சவில்லை. சோறும் குழம்பும் தட்டில் வைத்துத் தடியால் தள்ளிவிட்டாள். பூசணிக்காய் வளர்ந்து, ஓர் ஆண்டுக்குள் ஒரு ஆணை இழுத்து விழுத்தக்கூடிய மிருகமாயிற்று. ஒழுங்கையால் சைக்கிள் போனாலும் பாயும், காற்றடித்தாலும் பாயும், சங்கிலி இழுத்துக் கழுத்து புண்ணாகிவிட்டது. வழியால் போனவர்கள், "நாயெண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்று மெச்சிப் போனார்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது அதிகம் குரைக்கவுமில்லை, அதுதான் எல்லோருக்கும் பயம்.

பிறகு ஒரு நாள் அது எழும்பவில்லை. பல்முரசு வெளிறி, கண் சொருகிக் கிடந்தது. குணலட்சுமி மிருக வைத்தியர் தயாளினியைக் கூப்பிட்டாள். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய பெண்பிள்ளை முதலில் நாயைப் பார்க்கவில்லை, சோற்றுத் தட்டைப் பார்த்தாள்.

"இதென்ன அன்ரி, வெங்காயமோ?"

"ஓம், குழம்புக்குள்ளை போட்டது. எங்கடை தோட்டத்து வெங்காயம்தான்."

"வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ரத்தத்தைக் கரைச்சுப்போடும்."

குணலட்சுமிக்கு முகம் கறுத்தது. "நஞ்சோ? நாங்கள் பரம்பரையாத் தின்னுறம், ஒண்டும் ஆகேல்லை."

"நீங்கள் நாயில்லையே, அன்ரி."

மருந்தேற்றிக்கொண்டிருக்கும்போது தயாளினி கழுத்துப் புண்ணையும் பார்த்தாள். இந்த நாய் கோபத்தில் பாயவில்லை, பயத்தில் பாய்கிறது என்றாள். குணலட்சுமி நம்பவில்லை. உந்த உடம்புக்குப் பயமோ? ஆனால் அந்தப் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தியது. இந்த இனம் ஒரு காலத்தில் மாட்டு மந்தையை ஓட்டிச் சாய்த்ததும் வண்டில் இழுத்ததுமாம். வேலை இல்லாவிட்டால் விசராகிவிடும். காவல் செய்யென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அது பிறப்போடு வருகிறது. சொல்லிக்கொடுக்க வேண்டியது எவர் நம்முடையவர் என்பதை மட்டும்தான். கட்டிப்போட்ட நாய்க்கு உலகத்தில் எல்லோரும் கள்ளர்.

"விடியவும் பின்னேரமும் நடத்துங்கோ, மத்தியான வெயிலிலை வேண்டாம். கறுத்தத் தோல், சூடு தாங்காது. மீனை உப்பு, தூள், வெங்காயம் ஒண்டும் போடாமல் அவிச்சுச் சோத்தோடை குடுங்கோ. கூடவும் குடுக்காதையுங்கோ, கொழுத்தால் இடுப்பு போயிடும். வீட்டுக்கு வாற ஆக்களை ஒவ்வொருத்தராக் காட்டுங்கோ. நீங்கள் ஆறுதலா நிண்டு கதைச்சால், உவர் எங்கடை ஆள் எண்டு அவன் விளங்கிக்கொள்ளுவான்."

தயாளினி போன பிறகு குணலட்சுமி முதன்முதலாக அதன் பக்கத்தில் குந்தினாள். தொடவில்லை, சும்மா இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கறுவல் மெல்ல எழும்பி வந்து, தன் பாரம் முழுவதையும் அவள் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. நெஞ்சுக்குள் ஒரு உறுமல், கோபமில்லாத உறுமல். தாய் செத்த பிறகு ஒரு உயிர் இப்படி அவள்மேல் சாய்ந்ததில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று தம்பிக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு விடியற்காலையில் இருவரும் தறைக்குப் போனார்கள். வெறும் சாக்கை வாயில் கவ்வி வருவது கறுவலின் வேலை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள். இந்த நாய் வேலைக்குப் போய் வந்து நிம்மதியாகப் படுத்தது. கேற்றடிக்கு வந்த தபால்காரர், மின்சார மீற்றர் வாசிக்கிறவர், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லோரையும் குணலட்சுமி ஆறுதலாக நின்று காட்டினாள். ஒருவரையும் விடவில்லை. தம்பியின் கட்டளைக்கு எப்படியோ, டொக்ரரின் கட்டளைக்கும் அப்படித்தான்.

சின்னத்தங்கத்தைக் காட்டவேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவேயில்லை.

சின்னத்தங்கம் பின்வளவில் இருக்கிற அம்மா, குணலட்சுமிக்குப் பத்து வயது மூப்பு. இரண்டு வளவுக்கும் நடுவே பனையோலை வேலி. குசினிக்கு நேரே அந்த வேலியில் ஒரு பொட்டு, ஓலையை விலக்கி ஓர் ஆள் குனிந்து புகக்கூடிய அளவில். தேங்காய்ப் பாதி, கறிவேப்பிலை, சண்டைக் கதை, ஆஸ்பத்திரிக் கதை எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வரும். பெற்றோரின் செத்தவீடு இரண்டுக்கும் சின்னத்தங்கம் முதல் ஆளாய் வந்தது அந்தப் பொட்டால்தான். அப்படிப்பட்டவரை யார் "வாற ஆள்" என்று எண்ணுவார்கள்? கறுவலோ முன்பக்கக் கேற்றடியிலேயே வளர்ந்தது. பின்பக்கத்தை அது கண்டதில்லை.

அது உடம்பு தேறி, குணமும் ஆறியபோது குணலட்சுமி துணிந்து சங்கிலியைக் கழற்றி வளவுக்குள் விட்டாள். விட்ட அன்றே அவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம், சின்னத்தங்கம் கத்தரிக்காய்ப் பால்கறிச் சட்டியோடு பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். வீட்டைச் சுற்றி வந்த நாய்க்கு, ஓலைக்குள்ளிருந்து தன் முகத்துக்கு நேரே ஒரு முகம் முளைத்தது.

குணலட்சுமி ஈரத்தோடு ஓடி வந்தபோது சின்னத்தங்கம் நிலத்தில் கிடந்தார். கறுவல் அவர் மேலே நாலு காலையும் அகட்டி நின்று உறுமிக்கொண்டிருந்தது. பல் படவில்லை. ஆனால் விழுந்த வேகத்தில் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஊர் தீர்ப்புச் சொல்ல நேரம் எடுக்கவில்லை. அடித்துக் கொல்லச் சொன்னவர்கள் முன்னர் கேற்றடியில் மெச்சிப் போனவர்கள்தான். தம்பி வேறு மாதிரிச் சொன்னான். "நாயிலை பிழையில்லை. அது தன்ரை வேலையைச் செய்தது. அந்தப் பொட்டை அடை."

"அது அவவின்ரை வேலி. நான் எப்பிடி அடைக்கிறது?" என்று கேட்டாள் குணலட்சுமி. எந்தப் பக்கத்து வேலி எவருடையது என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ரொறன்ரோவில் மறந்துபோகும் போலிருக்கிறது.

சின்னத்தங்கம் ஆஸ்பத்திரியால் வந்ததும் குணலட்சுமி பொட்டால் குனிந்து போய் அவர் முன்னால் நின்றாள். மருமகள் பிரதீபா முகம் கொடுக்கவில்லை. சின்னத்தங்கம் மாக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகத்தான் சொன்னார்.

"நாயைக் கொல்லச் சொல்ல மாட்டன். வாயில்லாச் சீவன். ஆனா நான் இனிப் பொட்டாலை வரமாட்டன். தேவையெண்டால் கேற்றாலை வாறன்."

பேசாதே, முகத்தில் விழிக்காதே என்று ஏசியிருந்தால் குணலட்சுமி தாங்கியிருப்பாள். ஏச்சு ஆறிவிடும். கேற்றால் வருவது பிறத்தியார். அவள் வளவுக்குத் திரும்பிய கையோடு பிரதீபா பொட்டுக்குக் குறுக்கே ஒரு தகரத்தை வைத்துக் கட்டினாள்.

குருநகரில் மீன்வாடி வைத்திருக்கும் ஒருவர் நாயைக் கேட்டு ஆளனுப்பினார். கொடுத்துவிட்டால் தகரம் கழன்றுவிடும் என்று குணலட்சுமி எண்ணியது உண்மை. வாடியில் எப்படி வைத்திருப்பீர்கள் என்று கேட்டாள். கட்டித்தான் என்றார் வந்தவர். அவள் கறுவலைப் பார்த்தாள். அது தன் இடுப்பை அவள் காலில் சாய்த்துக்கொண்டு வந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "இல்லை, குடுக்கேல்லை" என்றாள்.

ஊசி போட வந்த தயாளினியிடம் முழுக் கதையையும் சொன்னாள்.

"நிமிர்ந்து வாற மனுசரைத்தான் அவன் கண்டவன், அன்ரி. குனிஞ்சு, தன்ரை முகத்துக்கு நேரை வந்தால் அது மனுசரோ என்னவோ எண்டு அவனுக்கு விளங்கியிராது. நீங்கள் அவவை ஒரு நாளும் காட்டேல்லையோ?"

"வீட்டு ஆளை ஆரும் நாய்க்குக் காட்டுறதோ, பிள்ளை?"

"வீட்டு ஆளெண்டு அவனுக்கு ஆர் சொன்னது?"

அன்று பின்னேரம் குணலட்சுமி அழுதாள். பிழை நாயிலும் இல்லை, சின்னத்தங்கத்திலும் இல்லை என்றால் எவரில் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொன்ன சொல் தவறாமல் சின்னத்தங்கம் ஒரு நாள் கேற்றால் வந்தார். கோயில் திருவிழாவுக்குச் சொல்ல வந்திருந்தார். "குணலட்சுமி, நிக்கிறியளோ?" என்று வெளியே நின்று கூப்பிட்டார். குணம் என்றும் நீ என்றும் அழைத்த வாய். கறுவலைக் கயிற்றில் பிடித்துப் படுக்கவைத்து, கதிரை போட்டு, விருந்தாளிக்குக் கொடுக்கும் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். வயலிலும் அடுப்படியிலும் குந்தியிருந்து பழகிய இரண்டு பேரும் பொம்பிளை பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். டொக்ரர் பிள்ளை சொன்னதை, குனிந்ததால்தான் என்பதை, குணலட்சுமி மெல்லச் சொன்னாள். சின்னத்தங்கம் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

ஆனால் பிறகும் வந்தார். சங்கக்கடை வழியில், பிள்ளையாரடி வழியில் என்று ஏதோ ஒரு சாட்டில் வந்தார். ஒவ்வொரு முறையும் குணலட்சுமி முன்னே போய்க் கையைப் பிடித்துக் கதைப்பாள், கறுவல் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். ஒரு முறை கயிறு இல்லாமலேயே எழும்பி வந்து, முறிந்து பொருந்திய மணிக்கட்டை மூக்கால் மணந்து பார்த்துவிட்டு அவர் செருப்பின்மேல் நாடியை வைத்துப் படுத்தது. சின்னத்தங்கம் காலை இழுக்கவில்லை. மூச்சைத்தான் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார். போகும்போது வழமைபோல, "அப்ப வாறன், குணலட்சுமி" என்றார்.

அந்த ஆண்டு வேலி அடைக்கும் காலம் வந்தது. வெயிலில் வெளிறி இற்றுப்போன ஓலையைப் பிரித்துப் புது ஓலை வைத்துக் கட்ட, சின்னத்தங்கம் ஆட்களைப் பிடித்திருந்தார். ஓலை மாற்றும் நாளில்தான் பொட்டும் தீர்மானமாகும். விட்டால் உண்டு, அடைத்தால் இல்லை, பிறகு அதைப்பற்றிக் கதை கிடையாது. குணலட்சுமி காலையிலிருந்து குசினிக்குள்ளேயே இருந்தாள். ஓலை சரசரக்கும் சத்தமும் வேலிக்கு நடும் கதியால் தடியைத் தறிக்கும் கத்திச் சத்தமும் கேட்டன. பொட்டை விடுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கேட்டால், இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சோறு வடித்தாள், வடித்த சோற்றைச் சாப்பிடவில்லை. கறுவல் வாசலில் படுத்து வேலிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. தகரம் கழன்று விழும் சத்தம் கேட்டபோது காதை நிமிர்த்தியது. தகரத்தை எப்படியும் கழற்றத்தான் வேண்டும், ஓலை வைப்பதற்கு. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று குணலட்சுமி தன்னையே அடக்கிக்கொண்டாள்.

பின்னேரம் ஆட்களின் குரல் அடங்கியது. அவள் வெளியே வந்தாள்.

பொட்டு இருந்தது. ஆனால் அது பழைய பொட்டு இல்லை. இரண்டு பக்கமும் புதுக் கதியால் நட்டு, தலைக்கு மேலே ஒரு சாண் இடம் விட்டுக் குறுக்குத் தடி கட்டியிருந்தார்கள். நெட்டையான ஆம்பிளையும் கை வீசிக்கொண்டு வரலாம். அப்படி ஒரு பொட்டைச் சண்டிலிப்பாயில் எவரும் கண்டிருக்கமாட்டார்கள்.

அதற்குள்ளால் சின்னத்தங்கம் ஒரு சட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தார். கறுவல் எழும்பிப் போனது.

"உயரம் காணுமோ பார், குணம்" என்றார் சின்னத்தங்கம். "குனிஞ்சு வந்தால் உன்ரை பெடியனுக்கு என்னை ஆரெண்டு தெரியாதாம். எனக்கும் இப்ப முதுகு பிடிக்குது."

கறுவல் அவர் காலடியில் போய் நின்று, ஒருமுறை மணந்து, பிறகு தன் பாரம் முழுவதையும் அவர் முழங்காலில் சாய்த்தது. சின்னத்தங்கம் தள்ளாடி, சுகமான கையால் கதியாலைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தமுறை விழுத்திப்போடாதை, மோனை" என்றார் அதனிடம். பிறகு குணலட்சுமியைப் பார்த்து, "நிண்டு அழாமல் வந்து சட்டியை வாங்கடி, கை நோகுது. உவனுக்கும் கொஞ்சம் கிடக்கு. வெங்காயம் போடேல்லை" என்றார்.