ஏரித் தண்ணீர் குடித்த கார்

இஞ்ஜின் என்றால் ஞானதாஸுக்கு அத்துப்படி என்று எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் அந்த ஞானதாஸ், அதாவது நான்தான். கடல் தண்ணீர் ஏறும் உப்பு ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவன், ஓய்ந்த நேரத்தில் நாலு பேருடைய ஃபைபர் போட் இஞ்ஜினைப் பிரித்து மாட்டுவேன். மாட்டி முடித்ததும் ஒன்றிரண்டு நட்டு கையில் மிஞ்சும். மிஞ்சினால்தான் வேலை சுத்தம் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

இப்படிப்பட்டவன் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் வாங்கியதற்குக் காரணம் என் மனைவி ஜெபசெல்வி. சனிக்கிழமை தவறாமல் நண்டுக் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குப் போவாள். நாற்றம் என்று சொல்லி பஸ்ஸில் கூடையை ஏற்ற விடமாட்டார்கள். ஒரு பஸ் போகும், இரண்டு பஸ் போகும், இவள் நின்றுகொண்டே இருப்பாள். ஒருநாள் ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் இறக்கியே விட்டுவிட்டார்கள். சேற்று நண்டு உயிரோடு இருந்தால்தான் வாங்குவார்கள், செத்தால் குப்பை. அன்று கூடை நிறையச் செத்த நண்டோடு வெயிலில் நடந்தே வீடு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இனிமே நீ பஸ்ல போவ வாணாம். நான் கார்ல இட்டுனு போறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு என்ன, வாய்தானே.

பொன்னேரியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் கொட்டகையில் அந்த மோரிஸ் மைனர் கிடந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை மட்டும் வாத்தியார் வைத்துக்கொண்டார்.

முதல் வேலையாக பேட்டரியைப் பார்த்தேன். நெகடிவ் போகவேண்டிய இடத்தில் பாசிடிவ் வயரை வண்டியின் உடம்போடு மாட்டியிருந்தார்கள். எந்த மடையனோ மாற்றி மாட்டிவிட்டான் என்று திருத்தினேன். பானெட்டுக்குள் ஒரு பெட்டி புகைந்து கருகியது. வயரிங் வேலை செய்யும் வேணு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணா, அந்தக் காலத்து வெள்ளக்காரன் வண்டிக்கு அப்டித்தான் மாட்டணும். மடையன் யாருன்னு இப்ப சொல்லட்டா?"

வேண்டாம், பெட்டியை மட்டும் மாற்றிக் கொடு என்றேன்.

அடுத்தது தரை. துருப்பிடித்து, காலடியில் ரோடு தெரிந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம், போட்டில் ஓட்டை அடைக்கிற ஃபைபரும் ரெசினும்தான். மூன்று அடுக்கு போட்டு, இனி ஒரு சொட்டு உள்ளே வராது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். கீழேயிருந்து வரவில்லைதான். ஆனால் அந்த வார மழையில் ஜன்னல் வழியே வந்த தண்ணீர் வெளியே போகவும் இல்லை. கணுக்கால் அளவுத் தண்ணீரைச் சொம்பால் மொண்டு இறைத்துக்கொண்டிருந்தேன். ஜெபசெல்வி நின்று பார்த்தாள்.

"துடுப்பு எடுத்தாரட்டா?" என்றாள்.

ஒரு மாதம் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் துணிந்து கிளம்பினோம். பின் சீட்டில் ஈரச் சாக்கு போர்த்திய இரண்டு கூடைகள். நடுவில் ஜெபசெல்வி, சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையில். நண்டு விற்க யாராவது அந்தப் புடவையைக் கட்டுவார்களா? கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் நாலு டயரையும் மறுபடி ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

திருப்பாலைவனம் ஊரைத் தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நிறுத்தி, சூடு கொஞ்சம் அடங்கியதும் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். செம்மண் குழம்பாகப் பொங்கி வழிந்தது. அதன் வாயைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இன்னா தண்ணி ஊத்தின?" என்றாள் ஜெபசெல்வி, உள்ளேயிருந்தபடியே.

"ஏரித் தண்ணிதான். போட் இஞ்ஜினுக்கு அதானே."

"போட்டு இழுத்துத் துப்பிடும். இது எங்கய்யா துப்புது? உள்ளயே வச்சிக் காய்ச்சுது. ஒரு மாசமா நீ உப்பளம் வச்சினு இருந்துக்கிற!"

முப்பது வருஷம் இஞ்ஜினோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடிபம்பைத் தேடிப்போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, சூடு ஆறும்வரை காத்திருந்து ஊற்றினேன். வெயில் ஏறிவிட்டது. நண்டுகள் நுரை தள்ள ஆரம்பித்தன. ஜெபசெல்வி சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தாள். சாவியைத் திருகித் திருகி பேட்டரியும் படுத்துவிட்டது.

"தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். கொஞ்சம் எறங்கேன் செல்வி, பாரம் குறையும்" என்றேன்.

"எறங்க மாட்டேன்."

"செல்வி..."

"ஊர்ல இருக்கிற வண்டி எல்லாத்துலயும் எறங்கு எறங்குன்னுதான் சொல்றாங்க. எங்கூட்டு வண்டில நான் எறங்க மாட்டேன். நீ தள்ளு."

தள்ளினேன். செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் பின்னால் கை கொடுத்தார்கள். நான் கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஓடி, உள்ளே தாவினேன். தொப்பையும் சேர்ந்துதான் தாவ வேண்டியிருந்தது. வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது.

வழியில் ஆறு தடவை, இஞ்ஜினை அணைக்காமலே நிறுத்தி, தண்ணீர் ஊற்றினேன். சந்தையில் பாதிப் பேர் கடையைக் கட்டிவிட்டிருந்தார்கள். நண்டுகள் சோர்ந்திருந்தாலும் காலை அசைத்தன. பக்கத்தில் நண்டு விற்கும் மார்கரெட் புடவையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னாடி இவ்ளோ லேட்டு? எந்த பஸ்ல வந்த?"

"பஸ்ஸா? எங்கூட்டுக்காரரு கார்ல இட்டாந்து உட்டாரு" என்றாள் ஜெபசெல்வி. தள்ளியதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நான் பானெட்டைத் திறந்து, உள்ளே எதையோ சரிபார்க்கிறவன் போலக் குனிந்துகொண்டு அழுதேன்.