வருடத்தில் மூன்று நாள்

திம்மராயனுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால் அவர் சர்க்கரை நோயாளியாக இருப்பதென்னவோ வருடத்தில் மூன்று நாள்தான்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். கூரைக்கடியில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்து, டன் கணக்கான இரும்பை ஆட்களின் தலைக்கு மேலே நகர்த்தும் வேலை. அவரவர் பிறந்த மாதத்தில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதில் தேறினால்தான் கூண்டு. தேறாதவர் கீழே நின்று வார்ப்புகளில் பிசிறு தட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடம் எல்லோருடைய வழுக்கையையும் மேலிருந்தே பார்த்த மனிதருக்கு அதைவிடக் கேவலம் உண்டா?

ஆகவே பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு தவம் தொடங்கும். கறி இல்லை, போண்டா இல்லை. காலையில் வெந்தயத் தண்ணீர், இரவில் களி அரை உருண்டை. அலமாரியிலிருந்து மாத்திரை அட்டைகள் தூசி தட்டி எடுக்கப்படும்.

"ஏங்க, இந்த மாத்திர உங்களுக்கா, கம்பெனிக்கா?" என்பாள் மனைவி மாதேஸ்வரி.

"வலிக்காத நோவுக்குத் தெனமும் எதுக்குடி மருந்து?"

எந்த நீதிமன்றமும் ஏற்கக்கூடிய வாதம். ரத்தக்குழாய்களுக்குத்தான் சட்டம் தெரியாது.

இந்த வருடம் புதிதாக வந்திருந்தவர் டாக்டர் ரெனிட்டா. திம்மராயனின் ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தைந்துக்கு நூறு.

"படியேறி வந்தேன் மேடம், அதான்."

டாக்டர் அவரைப் பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். படியேறாமலே அதே அளவு நின்றது. பிறகு ரத்தம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, மறுநாள் கூப்பிட்டனுப்பினார்.

"வெறும் வயித்துச் சர்க்கரை நூத்தி முப்பத்தெட்டு. பரவால்ல. ஆனா இன்னொரு டெஸ்ட் எடுத்தேன், அது மூணு மாசத்துக் கதையச் சொல்லும். ஏழுக்குள்ள இருக்கணும், பத்தரை இருக்கு. மூணு நாளு நல்லவரா இருந்திருக்கீங்க. மீதி நாளெல்லாம்?"

திம்மராயன் கூரையைப் பார்த்தார்.

"கெட்ட கொழுப்பும் நூத்தி எழுபது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூணும் சேர்ந்தா ரத்தக்குழாய் சத்தமில்லாம அடைக்கும். ஒருநாள் மாரடைப்பு, இல்ல பக்கவாதம்."

"எனக்கு ஒண்ணும் ஆவாது மேடம். களி தின்ன ஒடம்பு."

"கீழ நிக்கிறவங்க என்ன தின்ன ஒடம்பு? மூணு மாசம் கீழ வேலை பாருங்க. தினமும் மாத்திரை. அப்புறம் பாக்கலாம்."

திங்கட்கிழமை கையில் உளியோடு நின்றார்.

"வாங்கண்ணா, பூமி எப்படி இருக்குது?" என்று பிசிறு தட்டும் ராஜசேகர் வரவேற்றான்.

கூண்டில் இப்போது தினேஷ்குமார். அவனுக்கும் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஞாயிறுதோறும் திம்மராயனோடு பிரியாணி தின்றுவிட்டு, மாத்திரை கம்பெனிக்காரனின் சதி என்று நிரூபிப்பவன். ஒரு டன் வார்ப்பு ஒன்று மெல்ல ஆடிக்கொண்டே திம்மராயனின் தலையை நோக்கி வந்தது. இரண்டடி தள்ளி நின்றார். இன்னும் இரண்டடி.

"டேய் தினேசு! காலைல மாத்திர போட்டியாடா?"

மேலிருந்து உற்சாகமாகப் பதில் வந்தது: "என் டெஸ்டு தை மாசந்தாண்ணா!"

திம்மராயன் உளியைக் கீழே வைத்துவிட்டு, அவனை இன்றே சோதிக்கச் சொல்ல டாக்டர் அறையைப் பார்த்து வேகமாக நடந்தார்.